கிங் ராஞ்ச்: வாட்ஸ்அப் கதையும் நிஜமும்

"உலகின் மிகப்பெரிய மாட்டுப் பண்ணை டெக்சாஸின் கிங் ராஞ்ச், அப்பனுக்குப் பின் மகன் என்று கிங் வம்சமே ஆள்கிறது" என்று ஒரு ஃபார்வர்டு சுற்றுகிறது. இரண்டுமே தவறு.

பரப்பு சுமார் 8,25,000 ஏக்கர், பெரியதுதான், ஆனால் தெற்கு ஆஸ்திரேலியாவின் அன்னா கிரீக் மாட்டுப் பண்ணை அதைப் போல நான்கு மடங்குக்கும் மேல்.

வாரிசுக் கதைதான் சுவாரசியம். ரிச்சர்ட் கிங் பண்ணைக் குடும்பத்தில் பிறந்தவரே இல்லை, சின்ன வயதில் நியூயார்க்கிலிருந்து கப்பலில் திருட்டுத்தனமாக ஏறி ஓடியவர். ரியோ கிராண்டே ஆற்றில் நீராவிப் படகு ஓட்டிச் சம்பாதித்த காசில் 1853-ல் நிலம் வாங்கினார், அப்புறம் வறட்சியில் தவித்த ஒரு மெக்சிகோ கிராமத்திடம் மாடுகளை வாங்கிவிட்டு, ஊர்க்காரர்களையும் வேலைக்குக் கூட்டிவந்தார். இந்த மாடு மேய்ப்பவர்களை அந்த ஃபார்வர்டு கண்டுகொள்ளவே இல்லை. 1885-ல் அவர் இறந்தபோது சொத்தோடு சுமார் 5 லட்சம் டாலர் கடனும் இருந்தது. எல்லாம் வந்து சேர்ந்தது மகனிடம் இல்லை, மனைவி ஹென்ரியட்டாவிடம். 1925-ல் இறக்கும்வரை அவர்தான் உரிமையாளர். நிர்வாகத்தைப் பார்த்தவர் மகள் ஆலிஸை மணந்த வக்கீல் ராபர்ட் கிளெபர்க். சாண்டா கெர்ட்ரூடிஸ் மாட்டினத்தை உருவாக்கியதும் கிளெபர்க் தலைமுறைதான், 1940-ல் அதற்குத் தனி இனமாக அங்கீகாரம் கிடைத்தது.