பந்தய பிரேக் பேடு வீட்டுக் காரை விரைவில் நிறுத்துமா?

‘பந்தயக் கார்களுக்கான பிரேக் பேடைப் பொருத்தினால் வீட்டுக் காரும் பாதித் தூரத்தில் நின்றுவிடும்’ என்று வாட்ஸ்அப்பில் பரவிவரும் செய்தி தவறானது. அதை நம்பிக் குடும்பத்தை ஏற்றிச் செல்பவர்களுக்கு ஆபத்தானதும்கூட. அத்தகைய பேடுகள் (சக்கரத்தோடு சுழலும் தட்டை அழுத்திப் பிடித்து வண்டியை நிறுத்தும் பட்டைகள்) பல நூறு டிகிரி சூட்டிலும் பிடிப்பை இழக்காதபடி செய்யப்பட்டவை என்பது உண்மைதான். ஆனால் அவற்றுள் பல, நன்றாகச் சூடேறிய பிறகே முழுப் பிடிப்பைத் தருகின்றன என்பதால், காலையில் வண்டியை எடுத்துத் தெருமுனையில் முதன்முதலாக பிரேக்கை மிதிக்கும்போது, சாதாரணப் பேடைவிடக் குறைவாகவே பிடிக்கக்கூடும். மேலும், ஏபிஎஸ் (பிரேக் பிடிக்கும்போது சக்கரம் சுழலாமல் பூட்டிக்கொள்வதைத் தடுக்கும் அமைப்பு) இயங்கும் அளவுக்கு இப்போதுள்ள பேடே சக்கரத்தைப் பிடிக்கிறதென்றால், அதற்குமேல் நிற்கும் தூரத்தைத் தீர்மானிப்பது டயருக்கும் சாலைக்கும் உள்ள பிடிமானமே.

பல தயாரிப்புகளில், பேடின் விளிம்பில் அச்சிட்ட குறியீடு இரண்டு ஆங்கில எழுத்துகளில் முடியும். முதலாவது மிதமான சூட்டிலும் இரண்டாவது அதிகச் சூட்டிலும் உள்ள உராய்வுக் குணகத்தை, அதாவது பிடிப்பின் அளவைக் குறிக்கிறது: ‘இ’ (E) என்றால் 0.25க்கு மேல் 0.35 வரை, ‘எஃப்’ (F) என்றால் 0.35க்கு மேல் 0.45 வரை. கடைக்காரர்கள் சிலர் சொல்வதுபோல் இது தரச் சான்று அன்று. கார் நிறுவனம் பரிந்துரைத்த வகையையே வாங்கி, ஒரே அச்சின் இரு சக்கரங்களுக்கும் சேர்த்து மாற்றுங்கள்.