சித்தப்பாவும் ஒரு சாவியும்

சேலத்திலிருந்து சித்தப்பா வந்தால் எனக்கு மகிழ்ச்சிதான். அவருடைய ஸ்கூட்டர் சாவியும் கூடவே வருகிறதே, அதுதான் பிரச்சினை. ஸ்கூட்டர் சேலத்தில் நிற்கிறது, சாவி எதற்கு? காது குடைய.

போன ஞாயிறு பெங்களூரில் மெஜஸ்டிக் போக ஒயிட்ஃபீல்டில் மெட்ரோ ஏறினோம். இருக்கைகள் எதிரும் புதிருமாக இருக்கும். ஏழெட்டுப் பேர் நம்மையே பார்த்துக்கொண்டு வருவார்கள். பையப்பனஹள்ளி தாண்டியதும் சித்தப்பா சாவியை எடுத்தார். ஒரு கண்ணை மூடி, வாயைக் கோணலாக்கி, சொர்க்கத்தைத் தொட்டுவிட்டவர் போல ஒரு குடை. அதோடு விட்டாலும் பரவாயில்லை. வெளியே எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார். நகைக்கடைக்காரர்கூட வைரத்தை அப்படிப் பார்க்க மாட்டார். அப்புறம் பேண்ட்டில் துடைத்துவிட்டு அடுத்த காது.

“சித்தப்பா, காது அழுக்கு தானாகவே வெளியே வந்துவிடுமாம். குடைந்தால் இன்னும் உள்ளேதான் போகுமாம், டாக்டர்களே சொல்கிறார்கள்” என்று மெதுவாகச் சொன்னேன்.

“நாப்பது வருஷமா குடையறேன், எனக்கு என்னடா ஆச்சு?” இதை அவர் மெதுவாகச் சொல்லவில்லை. காது அப்படி.

தமிழ் யாருக்குப் புரியப்போகிறது என்று நினைத்தேன். பெங்களூரில் அப்படி நினைக்கலாமா? எதிர் இருக்கை அம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தார். எம்.ஜி. ரோடு தாண்டி ரயில் சுரங்கத்துக்குள் போனதும், ஜன்னல் கண்ணாடியில் என் முகத்தையும் பார்க்க வேண்டியதாயிற்று.

வீடு திரும்பியதும் கடைக்குப் போய்வர வீட்டுச் சாவியைக் கேட்டார். நானே கடைக்குப் போய்வந்தேன்.