ரெண்டே பேருதானா?

ஒரு புதன்கிழமை சாயங்காலம், கட்டின பெண்டாட்டியோடு எதிரெதிரே உட்கார்ந்து ஒன்றரை மணி நேரம் பேசிக்கொண்டே சாப்பிட வேண்டும். என் ஆசை இவ்வளவுதான். இதற்கு நாகர்கோவிலில் ஓர் இடம் கிடைக்கவில்லை என்று சொன்னால் சிரிப்பீர்கள். சிரியுங்கள். மூன்று மாதமாகத் தேடி வயிறெரிந்துபோய் எழுதுகிறேன்.

எங்கள் ஊரில் சாப்பாட்டுக்குக் குறை என்று சொன்னால் நாக்கு அழுகிவிடும். தேங்காய் அரைத்த மீன்கறி, மரச்சீனிக் கிழங்கு, ரசவடை, பழம்பொரி, எதைச் சொல்ல, எதை விட? குறையெல்லாம் உட்காருகிற இடத்தில்தான். இங்கே ஹோட்டல் கட்டுவதே வயிற்றை நிரப்பி ஆளை வெளியே அனுப்பத்தான். இல்லையென்றால் பதினைந்து பேர் கூட்டமாக வந்து கேக் வெட்ட. நடுவில் 'ரெண்டு பேர்' என்று ஒரு கணக்கு இருப்பதே யாருக்கும் தெரியவில்லை. வாசலில் நுழைந்ததும் "எத்தனை பேரு?" என்பார்கள். "ரெண்டு." உடனே முகம் தொங்கிவிடும். "ரெண்டே பேருதானா?"

அப்புறம் நம்மை எங்கே கொண்டுபோய் உட்கார வைப்பார்கள் தெரியுமா? கை கழுவும் இடத்துக்குப் பக்கத்து மேஜையில்.

அந்த மேஜையைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியே ஆக வேண்டும். முதல் முறை போனபோது என் மனைவி நல்ல சேலை கட்டி, தலையில் பிச்சிப்பூ வைத்திருந்தாள். சூப் வந்தது. "ஏங்க, ரொம்ப நாளா உங்ககிட்ட ஒரு விஷயம் சொல்லணும்னு..." என்று ஆரம்பித்தாள். அவள் தோளுக்குப் பின்னால் ஒரு பெரியவர் வாயில் தண்ணீரை ஊற்றி, தலையை அண்ணாந்து, கடகடவென்று கொப்பளித்தார். அதோடு விட்டாரா? தொண்டையின் அடியாழத்திலிருந்து காறி எடுத்தார். கையைத் துடைக்கத் தாள் இல்லை, உதறினார். நாலு சொட்டு சூப்பில் விழுந்தது. அவள் ஸ்பூனைக் கீழே வைத்துவிட்டாள். விஷயத்தையும் அங்கேயே வைத்துவிட்டாள்.

சரி, மாடியில் 'ஃபேமிலி ரூம்' இருக்கிறதே என்று அடுத்த வாரம் வேறு இடம் போனோம். கீழே விற்கிற அதே பரோட்டா, படியேறியதும் விலையும் ஏறிவிடுகிறது. கேட்டால் ஏசியாம். ஆபரேஷன் தியேட்டர் போல வெள்ளை வெளிச்சம், சுவரில் டிவி, டிவியில் கிரிக்கெட். பரிமாறுகிற தம்பி முதற்கொண்டு எல்லார் கண்ணும் அதில்தான். மீனாவது நன்றாக இருக்கட்டும் என்று மெனு கார்டைப் பார்த்தால் நெய்மீன் வறுவல். அது ஜூன் முதல் வாரம். கிழக்குக் கரையில் சின்னமுட்டம் பக்கம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுக்குத் தடை. மேற்குக் கரையில் குளச்சல், முட்டம், தேங்காய்ப்பட்டணம் பக்கம் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை தடை. ஒரே மாவட்டத்தில் ரெண்டு தடைக்காலம், அதில் ரெண்டு பக்கமும் விசைப்படகு கரையில் நிற்கிற அந்த ரெண்டு வாரத்தில், "இன்னைக்கு வந்த மீனு சார்" என்கிறான். எந்தப் படகில் வந்தது தம்பி? நாட்டுப்படகில் வந்த சாளையைப் பொரித்துத் தந்திருந்தால் கையெடுத்துக் கும்பிட்டிருப்பேன். வந்தது ஐஸில் கிடந்து உப்புச்சப்பில்லாமல் போன துண்டு. அதைத் தின்று முடிக்கும் முன்பே பில் வந்து மேஜையில் உட்கார்ந்துகொண்டது. யார் கேட்டார்கள்?

இனி 'ரொமான்டிக்' என்று போர்டே வைத்திருக்கிற கூட்டம். மொட்டை மாடி, பிளாஸ்டிக் இலைச் சுவர், அதில் ரோஸ் கலர் விளக்கில் ஏதோ எழுத்து, இதய வடிவ பலூன். 'கேண்டில் லைட் பேக்கேஜ்' என்று ஒரு தொகை. கேக்கும் அதற்குள் அடக்கம், வேண்டாம் என்றாலும் காசு குறையாது. இவர்கள் இந்த மாவட்டத்தில் பிறந்தவர்கள்தானா? தென்மேற்கு, வடகிழக்கு என்று ரெண்டு பருவமழையும் வந்து நனைக்கிற ஊர். ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக வருகிற காற்றில் முப்பந்தலில் காற்றாலையே சுற்றுகிறது. ஆடி மாதம் மொட்டை மாடியில் மெழுகுவர்த்தி நிற்குமா? பலூன் ஒன்று பறந்துபோய் பக்கத்து மேஜைக்காரரின் பிரியாணியில் இறங்கியது. மழை தூறியதும் தகரக் கூரைக்குக் கீழே நெருக்கி உட்கார வைத்தார்கள். அவள் மறுபடியும் "அந்த விஷயம்..." என்றாள். தகரத்தில் மழை, ஸ்பீக்கரில் பாட்டு. வாயசைவு மட்டும்தான் தெரிந்தது. நானும் தலையை ஆட்டி வைத்தேன். எதற்குச் சம்மதம் சொன்னேனோ, கடவுளுக்கே வெளிச்சம்.

"கன்னியாகுமரிக்குப் போங்களேன், கடல், சூரிய அஸ்தமனம்" என்று ஒரு நண்பர் யோசனை சொன்னார். போனோம். 2024 டிசம்பர் 30-ல் கண்ணாடிப் பாலம் திறந்தார்களே, அதைப் பார்க்க ஊர் ஊராக வந்த பஸ் எல்லாம் அன்றைக்கு அங்கேதான் நின்றது. சாப்பிடுகிறவனின் நாற்காலிக்குப் பின்னால் அடுத்தவன் நின்றுகொண்டு, எப்போது எழுந்திருப்பான் என்று நம் இலையையே பார்க்கிறான். அவனையும் குறை சொல்ல முடியாது, பசி.

பட்டுப் பட்டுக் கொஞ்சம் தெளிந்தேன். ஞாயிற்றுக்கிழமை பக்கமே போகக் கூடாது. எட்டு மணிக்கு மேல் பார்சல் கூட்டம், டெலிவரி தம்பிகள் வாசலை அடைத்துவிடுவார்கள்; ஆறே முக்காலுக்கே போய்விட வேண்டும். முக்கியமாக, முதலில் தனியாகப் போய் ஒரு டீ குடித்து, டிவி எங்கே, ஸ்பீக்கர் எங்கே, குழாய் எங்கே என்று நோட்டம் பார்த்துவிட்டு வர வேண்டும். பெண் பார்க்கப் போனபோதுகூட நான் இவ்வளவு பார்க்கவில்லை.

அப்படித்தான் தக்கலை போகிற வழியில் ஓர் இடம் பிடித்தேன். ஓட்டு வீடு, நாலே மேஜை, மஞ்சள் வெளிச்சம், டிவி இல்லை. சம்பா அரிசிச் சோறு, தீயல், அயிலைக் கறி. போன புதன்கிழமை பிள்ளையை அம்மாவிடம் விட்டோம். புருஷனும் பெண்டாட்டியும் தனியாகச் சாப்பிடப் போகிறோம் என்று சொல்ல எட்டு வருஷத்துக்கு அப்புறமும் கூச்சம். நண்பன் வீட்டு ரிசப்ஷன் என்று சொல்லி, "சுருள் வைக்கக் கவர் இருக்காம்மா?" என்று மொய்க் கவர் ஒன்றையும் கேட்டு வாங்கி சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன்.

மூலை மேஜை. அவசரப்படுத்த ஆளில்லை. அவள் தண்ணீர் குடித்துவிட்டு, "இன்னைக்காவது சொல்லிடுறேன், கேளுங்க" என்றாள்.

"எய்யா மருமவனே!"

வாசலில் அம்மாவின் ஒன்றுவிட்ட தம்பி. பார்சல் வாங்க வந்தவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "என்ன, ரெண்டு பேரு மட்டுமா? பிள்ளைய எங்க? வீட்டுல எதும் சண்டையா?" நாற்பது நிமிஷம். எங்கள் தட்டிலிருந்தே ஒரு துண்டு மீன் எடுத்து, உப்பு குறைவு என்று தீர்ப்பும் சொல்லிவிட்டுப் போனார்.

வீட்டுக்கு வந்தபோது அம்மா நடையில் உட்கார்ந்திருந்தாள். கையில் போன்.

"ரிசப்ஷன் நல்லா இருந்தா மக்கா? சுருள் எவ்வளவு வச்சே?"