மௌன எழுத்து வெள்ளைக்காரன் செய்த சதியா?

“நாங்கள் குழம்பவேண்டும் என்றே வெள்ளைக்காரன் ஆங்கிலத்தில் ஊமை எழுத்துகளைச் செருகினான்.” எழுதப்பட்டும் ஒலிக்காத எழுத்துகளைப் பற்றி யாழ்ப்பாணத்து வட்ஸ்அப் குழுக்களில் சுற்றும் இந்தச் செய்தி தவறு.

பிரிட்டிஷார் யாழ்ப்பாணத்தை ஒல்லாந்தரிடமிருந்து பிடித்தது 1795இல். அதற்கு 40 வருடம் முந்தி, 1755இல் வந்த சாமுவேல் ஜோன்சனின் ஆங்கில அகராதியிலேயே கத்திக்கான ‘நைஃப்’ (knife) சொல்லின் முன்னால் அந்த ஒலிக்காத ‘கே’ இருக்கிறது. அது சும்மா வந்த ‘கே’யும் இல்லை. பழைய ஆங்கிலத்தில் அதைக் ‘க்னீஃப்’ என்று வாய்நிறையச் சொன்னார்கள். முழங்காலை ஆங்கிலேயர் இன்று ‘நீ’ (knee) என்கிறார்கள், ஜெர்மன்காரர் இன்னும் ‘க்னீ’ என்கிறார்கள். 17ஆம் நூற்றாண்டளவில் ஆங்கிலேயரின் வாயில் அந்த ஒலி தேய்ந்தது. 1476இல் இங்கிலாந்தின் முதல் அச்சாளர் கெக்ஸ்டன் லண்டனுக்குப் பக்கத்தில் அச்சகம் திறந்த பிறகு எழுத்துக்கூட்டல் மெல்ல மெல்ல உறைந்துபோனதால், எழுத்து மட்டும் தங்கிவிட்டது.

செருகல் ஒன்றும் நடக்கவில்லையா என்றால், நடந்தது. கடனைக் குறிக்கும் ‘டெட்’ (debt), பிரெஞ்சு வழி வந்தபோது நடுவில் ‘பி’ இல்லை. லத்தீன் மூலத்தைக் காட்டவேண்டும் என்று படித்தவர்கள் பிறகு சேர்த்தார்கள். தீவுக்கான ‘ஐலண்ட்’டில் (island) உள்ள ‘எஸ்’ இன்னும் வேடிக்கை: வேறொரு சொல்லோடு தொடர்பு என்று தப்பாக நினைத்துப் போட்டது. ஆக, அவர்கள் குழப்பியது முதலில் தங்கள் பிள்ளைகளைத்தான். லண்டன் பிள்ளையும் எங்கள் ரியூசன் பிள்ளையைப் போலவே அந்த ‘எஸ்’ஸை விட்டுவிட்டுச் சிவப்பு மையில் வட்டம் வாங்குகிறது.