காலியிடம் மட்டும் பார்த்தால் கணிப்பு கவிழும்

என்எஃப்எல் எனும் அமெரிக்கக் கால்பந்து லீக்கின் அணிகள் கல்லூரி வீரர்களைச் சுற்றுச் சுற்றாக எடுக்கும் டிராஃப்டில் யார் யாரை எடுப்பார்கள் என்று ஒரு கட்டுரை கணிக்கிறது. அணியில் எந்த இடத்தில் ஆள் இல்லையோ அதற்கே முதல் சுற்றில் எடுப்பார்கள் என்று அது கணக்குப் போடுகிறது. அட்லாண்டா ஃபால்கன்ஸ் 2024 மார்ச்சில் குவார்ட்டர்பேக் (பந்தை வீசி ஆட்டத்தை நடத்துபவர்) கர்க் கசின்ஸைப் பெரும் பணம் கொடுத்துச் சேர்த்தது. ஏப்ரல் டிராஃப்டின் 8ஆவது தேர்விலும் குவார்ட்டர்பேக்தான், மைக்கேல் பெனிக்ஸ்! அதனால் முதலில் அடுத்த ஈராண்டில் யார் ஒப்பந்தம் முடிகிறது என்று பாருங்கள். டிராஃப்டுக்கு முன் அணி நேரில் வரவழைக்கும் 30 வீரர்களையும் கவனியுங்கள், அந்த அழைப்புகளில் சில மற்ற அணிகளை ஏமாற்றும் வெறும் கண்கட்டு வித்தை என்றாலும்.

முதல் சுற்றின் கடைசி இடங்களுக்காக அணிகள் தேர்வுகளை மாற்றிக்கொள்ளும் பேரத்தைக் கட்டுரை தொடவே இல்லை. ஒப்பந்தத்தை ஐந்தாம் ஆண்டுக்கு நீட்டிக்கும் உரிமை அணிக்கு முதல் சுற்று வீரர்கள் விஷயத்தில் மட்டும்தான் உண்டு, அதனால்தான் அந்த இடங்களுக்கு மவுசு. பால்டிமோர் ரேவன்ஸ் 2018இல் 52ஆவது இடத்தோடு 2019இன் இரண்டாம் சுற்றுத் தேர்வையும் கொடுத்து முதல் சுற்றின் கடைசி இடமான 32க்கு ஏறித்தான் குவார்ட்டர்பேக் லமார் ஜாக்சனைப் பிடித்தது.