இந்த வயசுல எதுக்கு என்று கேட்பவர்களுக்கு

நாற்பதைத் தாண்டிய ஒருவர் புதிதாக எதையாவது தொடங்கினால் நம் வீடுகளில் முதலில் வருகிற கேள்வி "இந்த வயசுல எதுக்கு?" என்பதுதான். நீச்சல் கற்கப் போகிறேன் என்றாலும் சரி, தபால் வழியில் படிக்கப் போகிறேன் என்றாலும் சரி, ஸ்கூட்டி ஓட்டிப் பழகப் போகிறேன் என்றாலும் சரி. கேட்பவர்கள் கெட்டவர்கள் இல்லை. விழுந்து கையைக் காலை உடைத்துக்கொள்ளக் கூடாது, நாலு பேர் சிரித்துவிடக் கூடாது என்று அக்கறையோடுதான் கேட்கிறார்கள். ஆனால் அந்த அக்கறை எத்தனை பேரைத் திண்ணையிலேயே உட்கார வைத்திருக்கிறது என்று நினைத்தால் எனக்கு மனசு ஆறவில்லை. அதனால்தான் இந்த நீளப் பதிவு.

"மாற்றம் ஒன்றே மாறாதது" என்று காலையில் பூப்படத்தோடு வாட்ஸ்அப்பில் வருகிறது. அதைப் படித்து மாறிய ஒருவரை நான் இதுவரை பார்த்ததில்லை. மாறுவதற்கு மனசு வேண்டும் என்கிறார்கள், வேண்டும்தான். ஆனால் மனசு இருக்கிறவர்கள் ஏராளம். பக்கத்தில் யார் இருக்கிறார்கள், அவர்கள் என்ன சொல்கிறார்கள், எவ்வளவு நேரம் பொறுத்துக்கொள்கிறார்கள் என்பதில்தான் பாதிக்கு மேல் அடங்கியிருக்கிறது என்பது என் கட்சி. இதை நான் புத்தகத்தில் படித்துச் சொல்லவில்லை. எங்கள் புதுக்கோட்டை மாவட்டத்தில் கண்ணால் பார்த்தது.

1991-ல் எங்கள் மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் தொடங்கியது. ஷீலா ராணி சுங்கத் அப்போது கலெக்டர். எழுதப் படிக்கத் தெரியாத பெரியவர்களுக்கு, அதிலும் பெண்களுக்கு, சாயங்காலம் வகுப்பு. வகுப்பெடுத்தவர்கள் சம்பளம் வாங்காத தொண்டர்கள். நாலு எழுத்தோடு நிறுத்தாமல் பெண்களுக்கு சைக்கிள் ஓட்டவும் கற்றுக்கொடுப்பது என்று முடிவெடுத்தார்கள் பாருங்கள், அதுதான் பெரிய விஷயம். இன்றைக்குக் கேட்டால் சாதாரணமாகத் தெரியும். அன்றைக்குக் கிராமத்தில் ஒரு பெண் சைக்கிளில் போனால் வாய்க்கு வந்ததைப் பேசினார்கள். ஆனாலும் போனார்கள். கல் குவாரியில் வேலை செய்தவர்கள், வயல் வேலைக்குப் போனவர்கள், அங்கன்வாடி ஊழியர்கள், கல் பட்டை தீட்டுகிற பெண்கள் என்று எல்லாரும் ஏறினார்கள். 1992-ல் நடந்த சைக்கிள் போட்டிகளிலும் காட்சி ஓட்டங்களிலும் எழுபதாயிரத்துக்கும் மேற்பட்ட பெண்கள் கலந்துகொண்டார்கள். யூனிசெஃப் அமைப்பு அறிவொளிப் பெண் தொண்டர்களுக்காக ஐம்பது மொபெட்டுகள் கொடுத்தது.

அவர்களில் பலர் பள்ளிக்கூடப் பிள்ளைகள் இல்லை, பிள்ளை பெற்ற தாய்மார்கள். என் அம்மாவும் அந்தக் கூட்டத்தில் ஒருத்தி, அப்போது அவருக்கு முப்பதைத் தாண்டிவிட்டது. வேலை முடிந்து, உலை வைத்துவிட்டு, பொழுது சாயும் நேரத்தில் பள்ளிக்கூட மைதானத்துக்குப் போவார்கள். புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு ஒருத்தி ஏற, இன்னொருத்தி கேரியரைப் பிடித்துக்கொண்டே பின்னால் ஓடுவாள். விழுவார்கள், முட்டி சிராய்க்கும், எழுந்து மறுபடி ஏறுவார்கள். ஒருத்தி மட்டும் விழுந்தால் ஊருக்கு வேடிக்கை. பத்துப் பேர் மாற்றி மாற்றி விழுந்தால் அதற்குப் பெயர் பயிற்சி. இந்த வித்தியாசத்தை அறிவொளிக்காரர்கள் நன்றாகப் புரிந்துவைத்திருந்தார்கள். அதனால்தான் பாட்டு, ஊர்வலம், போட்டி என்று கூட்டமாகவே எதையும் செய்தார்கள்.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். வெறும் உற்சாகப் பேச்சோடு விட்டுவிடவில்லை. சைக்கிள் வாங்க வங்கிக் கடனுக்கு வழி செய்தார்கள். லேடீஸ் சைக்கிள் போதுமான அளவு கிடைக்காதபோது பெண்கள் தயங்காமல் பார் வைத்த ஆண்கள் சைக்கிளையே வாங்கினார்கள். அந்தப் பாரில் பிள்ளையை உட்கார வைக்கலாம் என்பது ஒரு கூடுதல் வசதி. பஸ்ஸுக்குக் காத்துக் கிடந்த நேரம் மிச்சமானது, விளைந்த காய்கறியை நாலு ஊர் கொண்டுபோய் விற்க முடிந்தது, பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் விட யாரையும் கெஞ்ச வேண்டியதில்லை. வாழ்க்கையில் உடனே ஒரு பயன் தெரிந்தால் மாற்றம் நிற்கும், தெரியாவிட்டால் நிற்காது. பெரியவர்களுக்குக் கற்றுக்கொடுக்கிறவர்கள் இதை மறந்துவிடக் கூடாது.

சரி, வயது என்கிற விஷயத்துக்கு வருகிறேன். நம் உலா இலக்கியங்களில் பெண்களுக்கு ஏழு பருவம் சொல்வார்கள். பேதையில் தொடங்கி பேரிளம்பெண் வரை. பேரிளம்பெண்ணுக்கு வயது 32 முதல் 40. அதோடு முடிந்தது, அதற்கு அப்புறம் பருவமே கிடையாது. அரசன் உலா வருவதைப் பார்த்து மயங்குகிற பெண்களைப் பாடுவதற்கான கணக்கு அது, வாழ்க்கைக்கான கணக்கு இல்லை என்று தமிழாசிரியர்கள் சொல்வார்கள், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் இலக்கியத்தில் நின்ற அந்தக் கணக்கு நம் வீட்டுக் கூடத்திலும் நின்றுகொண்டுதான் இருக்கிறது. நாற்பதுக்கு மேல் ஒரு பெண்ணுக்கு அடுத்தது என்ன என்று கேட்டால் பிள்ளைகள் கல்யாணம், பேரப்பிள்ளை, கோயில் குளம் என்கிறோம். அவளுக்கென்று ஒன்றும் சொல்வதில்லை.

நாடு விடுதலையானபோது இந்தியரின் சராசரி ஆயுள் 32 வயதை ஒட்டி இருந்தது. குழந்தைகள் நிறைய இறந்ததால்தான் சராசரி அவ்வளவு குறைவு என்பது தெரியும். ஆனாலும் அறுபதைப் பார்த்தவர்கள் அன்று குறைவுதான், பார்த்தவர்களை உட்கார வைத்துச் சோறு போட்டதும் நியாயம்தான். இன்று சராசரியே எழுபதை ஒட்டி வந்துவிட்டது. தமிழ்நாட்டு அரசு ஊழியர்களின் ஓய்வு வயது 58-லிருந்து 2020-ல் 59 ஆகவும், அடுத்த வருடம் 60 ஆகவும் கூடியது. திருக்கடையூரில் அறுபதாம் கல்யாணம் செய்துகொண்டு திரும்புகிறவருக்கு முன்னால் இன்னும் பதினைந்து இருபது வருடம் இருக்கிறது. பிறந்த குழந்தை காலேஜ் போகிற அளவு காலம் அது. அத்தனை வருடத்துக்கும் பேப்பர் படிப்பதும் டிவி பார்ப்பதும் போதும் என்று நாம் யாரைக் கேட்டு முடிவு செய்தோம்?

மாற்றத்தை ஏற்கச் சொல்லி உபதேசம் செய்கிறவர்களிடம் எனக்குக் கோபமும் உண்டு. வேலையை விட்டு அனுப்புகிற இடத்தில்தான் அந்த உபதேசம் அதிகம் கேட்கிறது. என் பெரியப்பா திருச்சியில் ஓர் அச்சகத்தில் கம்போசிட்டராக இருந்தார். கேஸ் என்கிற அறை அறையான எழுத்துப் பெட்டியில் இருந்து ஈய எழுத்தை ஒவ்வொன்றாகப் பொறுக்கி ஸ்டிக் என்கிற கைச்சட்டத்தில் அடுக்குகிற வேலை. எழுத்து இடவலம் மாறித்தான் இருக்கும், அதை அப்படியே கடகடவென்று வாசிப்பார். தமிழ் கேஸில் ஆங்கிலத்தைவிட அறைகள் அதிகம், கண்ணை மூடிக்கொண்டு கேட்டாலும் எந்த அறையில் எந்த எழுத்து என்று சொல்லிவிடுவார். தொண்ணூறுகளில் கம்ப்யூட்டரிலேயே எழுத்தடித்துப் பக்கம் அமைக்கிற டிடிபி வந்தது. இருபத்தைந்து வருடம் கைக்கு வந்த வித்தை ஒரே வருடத்தில் வேண்டாததாகிவிட்டது. அப்போது அவருக்கு நாற்பத்தைந்துக்கு மேல்.

அவர் தப்பித்தார். எப்படித் தப்பித்தார் என்பதைத்தான் சொல்ல வேண்டும். அதே அச்சகத்தில் கம்ப்யூட்டரில் வேலை பார்க்கச் சேர்ந்த ஒரு பெண், இருபது வயது இருக்கும், மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் இவரை உட்கார வைத்துக் கீபோர்டு பழக்கினாள். அப்போது தமிழ் கீபோர்டுகளிலேயே பல வகை, ஃபாண்டும் கம்பெனிக்குக் கம்பெனி வேறு. தமிழ்99 விசைப்பலகையெல்லாம் 1999-ல்தான் வந்தது. அந்தக் குழப்பத்தில் அவள் பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தாள். பதிலுக்கு இவர் அவளுக்குச் சந்திப்பிழை இல்லாமல் அடிக்க, எங்கே ஒற்று மிகும், வரியை எங்கே உடைக்கலாம் என்று சொல்லிக்கொடுத்தார். "ஐயா, இத முதல்லயே யாரும் சொல்லித்தரலையே" என்பாளாம். கடைசிவரை மெய்ப்புப் பார்ப்பவராக, தேவைப்பட்டால் தானே அடித்துத் திருத்துபவராக இருந்தார், அறுபதைத் தாண்டியும். அவரோடு வேலை செய்த மற்றவர்களுக்கு அப்படி ஒரு ஆள் கிடைக்கவில்லை. ஒருவர் வாட்ச்மேன் ஆனார், ஒருவர் ஊருக்கே திரும்பிவிட்டார். அவர்களைப் பார்த்து "காலத்துக்கேத்த மாதிரி மாறத் தெரியல" என்று சொல்வது அநியாயம். அவர்களுக்கும் அதே விரல்கள்தான், அதே தமிழ்தான்.

இன்றைக்கு இதையே ஏடிஎம் வாசலில் பார்க்கிறேன். 2023 செப்டம்பரில் மகளிர் உரிமைத் தொகை தொடங்கியதிலிருந்து மாதம் ஆயிரம் ரூபாய் வங்கிக் கணக்கில் ஏறுகிறது. தன் பெயரில், தன் பணம். ஆனால் எத்தனை அம்மாக்கள் கார்டையும் ரகசிய எண்ணையும் முன்பின் தெரியாத பையனிடம் கொடுத்து "எடுத்துக் குடு தம்பி" என்று நிற்கிறார்கள்! வீட்டிலும் அதே கதை. போனில் ஏதாவது தெரியாமல் அம்மா கேட்டால் நாம் என்ன செய்கிறோம்? "குடு, நான் பண்றேன்" என்று பிடுங்கி, நாலு தட்டு தட்டி, முடித்துக் கையில் கொடுத்துவிடுகிறோம். அரை நிமிடத்தில் வேலை ஆகிவிடும். அடுத்த மாதம் அதே வேலைக்கு அவர் மறுபடி நம்மைத் தேடி வர வேண்டும், நாம் எரிச்சல்படுவோமோ என்று பார்த்துப் பார்த்துக் கேட்க வேண்டும். "இந்த வயசுல எதுக்கு" என்பதைவிட இந்த "குடு, நான் பண்றேன்" மோசமானது என்று எனக்குத் தோன்றுகிறது, ஏனென்றால் இது பாசம் மாதிரியே இருக்கிறது.

போன் அவர் கையிலேயே இருக்கட்டும். நீங்கள் வாயால் மட்டும் சொல்லுங்கள். தப்பாகத் தொட்டால் தொடட்டும், அதிலிருந்து எப்படித் திரும்பி வருவது என்பதுதான் அவர் முக்கியமாகக் கற்க வேண்டியது. எழுத்தைப் பெரிதாக்கி வையுங்கள், மொழியைத் தமிழுக்கு மாற்றுங்கள், யாருக்கும் ஓடிபி சொல்லக் கூடாது என்பதை முதல் நாளே சொல்லுங்கள். மறுநாள் மறந்துவிடுவார், மறுபடி சொல்லுங்கள். வயதானால் புதிதாக ஒன்று மனதில் பதியக் கொஞ்சம் அதிக நேரம் ஆகும், அவ்வளவுதான்.

கேரளாவில் ஆலப்புழையைச் சேர்ந்த கார்த்தியாயினி அம்மாவைப் பலருக்கு ஞாபகம் இருக்கும். 2018-ல் எழுத்தறிவுத் தேர்வில் 96 வயதில் நூற்றுக்கு 98 வாங்கியவர். அவர் படிக்க ஆசைப்பட்டதற்கு ஒரு காரணம், அவருடைய மகள் அறுபதை ஒட்டிய வயதில் பத்தாம் வகுப்புக்கு இணையான தேர்வு எழுதித் தேறியது. செய்தியில் பாட்டியின் சிரிப்பைத்தான் எல்லாரும் பகிர்ந்தோம். எனக்கு அந்த மகள்தான் பெரிதாகத் தெரிகிறார். கொல்லத்தைச் சேர்ந்த பாகீரதி அம்மா 105 வயதில் நான்காம் வகுப்புக்கு இணையான தேர்வில் தேறினார். இவர்கள் ஆசைப்பட்டபோது எழுத்தறிவு இயக்கம் என்று ஒன்று அங்கே உயிரோடு இருந்தது, சொல்லிக்கொடுக்க ஆள் இருந்தது, அந்த வயதுக்கென்று பாடமும் தேர்வும் இருந்தன.

எல்லாரும் தொண்ணூறில் பரீட்சை எழுத வேண்டும் என்று நான் சொல்லவில்லை. ஓய்வாக இருக்க விரும்புகிறவர் ஓய்வாக இருக்கட்டும், நாற்பது வருடம் உழைத்தவருக்கு அந்த உரிமை இல்லையா என்ன. உடம்பு மாறுகிறபோது, மாதவிலக்கு நிற்கிற காலத்தில் தூக்கமில்லாமல், எரிச்சலோடு ஒரு பெண் தவிக்கிறபோது, அவளுக்குத் தேவை புதுப் படிப்பு இல்லை, ஒரு நல்ல டாக்டரும் வீட்டு வேலையில் கைகொடுக்கிற ஆளும்தான். அதுவும் ஒரு மாற்றம்தான், அதற்கும் துணை வேண்டும். நான் கேட்பதெல்லாம், ஆசைப்படுகிறவரை நாம் தடுக்காமல் இருக்க வேண்டும், தயங்குகிறவருக்குப் பக்கத்தில் ஒரு ஆள் நிற்க வேண்டும்.

அம்மாவுக்கு இப்போது அறுபத்தைந்துக்கு மேல் ஆகிறது. மகளிர் குழுவில் அவரோடு இருக்கிற நாலைந்து பேர் சேர்ந்து என் மகளிடம் போனில் பணம் அனுப்பப் பழகுகிறார்கள். ஒரு ரூபாயை ஒருவருக்கொருவர் மாற்றி மாற்றி அனுப்பிப் பார்க்கிறார்கள். "ஏத்தா, எனக்கு வரலையே" என்று ஒருத்தர் கேட்க, இன்னொருத்தர் எட்டிப் பார்த்துச் சொல்லிக்கொடுக்கிறார். மகள் பாதி நேரம் சும்மாதான் உட்கார்ந்திருக்கிறாள், அவர்களே ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்கிறார்கள்.

ஊருக்கு ஊர் நூலகம் இருக்கிறது, மகளிர் குழு இருக்கிறது, லீவில் சும்மா இருக்கிற காலேஜ் பிள்ளைகள் இருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் இரண்டு மணி நேரம் ஒதுக்கினால் ஒரு தெருவில் இருக்கிற பெரியவர்கள் எல்லாருக்கும் ஏடிஎம், போன், பஸ் டிக்கெட் பதிவு, ஆஸ்பத்திரி சீட்டு எல்லாம் பழக்கிவிடலாம். எங்கள் தெருவில் அதற்கு ஏற்பாடு செய்துகொண்டிருக்கிறோம். 1991-ல் புதுக்கோட்டையில் அறிவொளித் தொண்டர்களாக இருந்தவர்கள் இப்போது ஐம்பதிலும் அறுபதிலும் இருப்பீர்கள். இதைப் படித்தால் எழுதுங்கள். முதல் வகுப்புக்கு ஆட்களை எப்படி வரவழைத்தீர்கள், கணவன் வேண்டாம் என்று சொன்ன வீட்டில் என்ன பேசினீர்கள், பாதியில் நின்றவரை எப்படித் திரும்பக் கூட்டி வந்தீர்கள் என்பதெல்லாம் எங்களுக்குத் தெரிய வேண்டும்.