ஆறில் ஐந்து பங்கு நம் காசு, நாற்காலி மட்டும் அவர்களுக்கு

அந்தக் காணொலியை இதுவரை பதினேழு பேர் எனக்கு அனுப்பிவிட்டார்கள். "சார், பாத்தீங்களா?" என்று. பார்த்தேன், இரண்டு முறை. மேடையில் அந்தத் தொழிலதிபர், "ஐடிஐ முடிச்சுட்டு வர்ற பசங்களுக்கு அரம் பிடிக்கக்கூடத் தெரியலை, வாத்தியாருக்கே தெரியலைன்னா பசங்களுக்கு எப்படித் தெரியும், எங்ககிட்ட கொடுத்துடுங்க, நாங்க பாத்துக்கறோம்" என்றதும் கூட்டம் கைதட்டியதே, அந்தக் கைதட்டலில்தான் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. யார், எந்த ஊர் என்றெல்லாம் இங்கே எழுதப்போவதில்லை. பார்த்தவர்களுக்குத் தெரியும், பார்க்காதவர்கள் கொடுத்துவைத்தவர்கள்.

நான் 27 வருடம் ஐடிஐ என்கிற அரசுத் தொழிற்பயிற்சி நிலையத்தில் ஃபிட்டர் பிரிவில் பாடம் எடுத்தவன். அதாவது, அரம் பிடிக்கத் தெரியாத அந்த வாத்தியார்களில் ஒருவன். என் கோபத்தை அதற்கேற்ற மாதிரி கழித்துக்கொண்டு படியுங்கள்.

"எங்ககிட்ட கொடுத்துடுங்க" என்றாரே, எதைக் கேட்கிறார் தெரியுமா? பி.எம். சேது என்று 2025 அக்டோபரில் தொடங்கிவைத்தார்களே, அது. ஆயிரம் அரசு ஐடிஐக்களை மேம்படுத்தும் திட்டம். ஒரு பெரிய நிலையம், அதைச் சுற்றி நான்கு சின்ன நிலையங்கள் என்று கொத்துக்கொத்தாக இணைத்து, ஒவ்வொரு கொத்தையும் தொழில் நிறுவனங்கள் முன்னின்று நடத்தும். மொத்தம் 60,000 கோடி ரூபாய். அதில் மத்திய அரசு 30,000 கோடி, மாநிலங்கள் 20,000 கோடி, தொழில்துறை 10,000 கோடி. நான் ஒர்க்‌ஷாப் கால்குலேஷனும் சேர்த்து எடுத்தவன், எனக்கு இந்தக் கணக்கு வரும். ஆறு ரூபாயில் ஐந்து ரூபாய் அரசுப் பணம். மத்திய அரசின் பங்கிலும் பாதி ஆசிய வளர்ச்சி வங்கி, உலக வங்கி நிதியுதவியோடு வருவது. அதையும் நாளைக்கு நாம்தான் கட்டவேண்டும். ஒரு ரூபாய் போடுகிறவருக்குத் தலைமை நாற்காலி. இது எந்த ஊர் பங்காளிக் கணக்கு?

முதலாளிகள் வரக்கூடாது என்று நான் சொல்லவில்லை. திரும்பவும் சொல்கிறேன், சொல்லவில்லை. அவர்கள் மட்டும் உட்கார்ந்து முடிவெடுக்கக்கூடாது என்கிறேன். இரண்டுக்கும் வித்தியாசம் உண்டு.

இது ஏதோ புதிய கண்டுபிடிப்பு மாதிரி பேசுகிறார்கள். 2007-08இலேயே இதே கதையை ஒரு சுற்று ஓட்டிப் பார்த்தாயிற்று. நாடு முழுக்க 1,396 அரசு ஐடிஐக்கள். ஒவ்வொன்றிலும் நிலைய மேலாண்மைக் குழு என்று ஒரு சங்கம் பதிவு செய்து, உள்ளூர்த் தொழிலதிபர் ஒருவரைத் தலைவராகப் போட்டு, முதல்வரைச் செயலாளராக்கி, 2.5 கோடி ரூபாய் வட்டியில்லாக் கடன் கொடுத்தார்கள். பத்து வருடத்துக்குத் திருப்பிக் கட்டவேண்டாம். சேர்க்கையில் 20 சதவீதம்வரை குழுவே முடிவு செய்துகொள்ளலாம் என்றும் சொன்னார்கள்.

எங்கள் நிலையத்திலும் அந்தக் குழு இருந்தது. கையெழுத்து நன்றாக இருக்கும் என்பதற்காக முதல்வர் என்னைத்தான் கூட்டக் குறிப்பு எழுதச் சொல்வார். முறுக்கும் டீயும் உண்டு. தலைவர் வருடத்துக்கு இரண்டு முறை வருவார், சில வருடம் அதுவும் இல்லை, ஃபைல் மட்டும் அவருடைய ஆபீசுக்குப் போய்க் கையெழுத்தோடு திரும்பும். பணத்தில் பெரும்பகுதி வங்கியில் வைப்புத்தொகையாகத் தூங்கிக்கொண்டிருந்தது. அதே சமயம் என் பிரிவில் இரண்டு பையனுக்கு ஒரு அரம். பல் தேய்ந்த அரம். அரம் பிடிக்கத் தெரியவில்லையாம்! பிடிக்க அரம் இருந்ததா என்று யாராவது கேட்டார்களா?

ஒரு கூட்டத்தில் தலைவர் கேட்டது இன்னும் காதில் இருக்கிறது. "இவனுங்களுக்கு எதுக்கு சார் டிராயிங்? எங்ககிட்ட இருக்கறது ஒரே மாதிரி பிரஸ் மிஷின். பட்டனை அமுக்கத் தெரிஞ்சா போதும். மூணு மாசத்துல முடிச்சு அனுப்புங்க." பாடத்திட்டம் டில்லியில் முடிவாவது, அவரால் அதைத் தொட முடியவில்லை. ஆனால் குழு நினைத்தால் குறுகிய காலப் பயிற்சி தொடங்கலாமே. தொடங்கினார்கள். மூன்று மாதம். முப்பது பையன்கள் சேர்ந்தார்கள், சான்றிதழ் வாங்கினார்கள், அவருடைய கம்பெனியிலேயே எடுத்துக்கொண்டார்கள். செய்தித்தாளில் படம்கூட வந்தது. நானும் அதில் ஓரமாக நிற்கிறேன்.

பதினோரு மாதம் கழித்து முப்பது பேரையும் நிறுத்திவிட்டார்கள். அடுத்த முப்பது பேர் தயாராகிவிட்டார்கள் அல்லவா. வெளியே வந்த பையனுக்குப் பாகத்தின் அளவு போட்ட டிராயிங்கைப் படிக்கத் தெரியாது, வெர்னியர் வைத்து அளக்கத் தெரியாது, அந்தக் கம்பெனியின் அந்த மிஷினைத் தவிர எந்த மிஷினும் தெரியாது.

நான் சொல்வது இவ்வளவுதான். முதலாளிக்கு வேண்டியது அடுத்த ஆறு மாதத்துக்கு ஆள். பையனுக்கு வேண்டியது முப்பத்தைந்து வருடத்துக்குத் தொழில். இரண்டும் ஒன்றல்ல. குழுவில் முதல் ஆளுக்கு நாற்காலி போட்டு, இரண்டாவது ஆளை வெளியே நிற்கவைத்தால் முடிவு எந்தப் பக்கம் சாயும் என்று சொல்ல ஜோசியம் வேண்டுமா?

"வெளிநாட்டில் எல்லாம் இப்படித்தான்" என்று ஒரு நண்பர் போன பதிவில் வகுப்பெடுத்தார். சரி, வெளிநாட்டுக்கே போவோம். பிரிட்டனில் தாட்சர் அரசு 1988 டிசம்பரில் வெள்ளை அறிக்கை வெளியிட்டது. ஊருக்கு ஊர் பயிற்சி மற்றும் தொழில்முனைவுக் கவுன்சில்கள், நிர்வாகக் குழுவில் மூன்றில் இரண்டு பங்கு தனியார் நிறுவன மேலதிகாரிகள், பணம் அரசுடையது. அமெரிக்காவின் தனியார் தொழில் கவுன்சில்களைப் பார்த்து எடுத்த யோசனை. அதற்கு முன்பு பயிற்சியைக் கவனித்துவந்த ஆணையத்தில் முதலாளிகளோடு தொழிற்சங்கங்களும் உட்கார்ந்திருந்தன. அரசின் புதிய பயிற்சித் திட்டத்தைத் தொழிற்சங்க மாநாடு புறக்கணித்தது, உடனே அந்த ஆணையத்தையே கலைத்துவிட்டார்கள். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் இப்படி 82 கவுன்சில்கள் வந்தன. இத்தனை பேர் தேறினால் இத்தனை பணம் என்று கணக்கு வைத்ததும் என்ன நடக்கும்? சுலபமாகத் தேறுகிறவனைச் சேர்ப்பார்கள், கஷ்டப்படுகிறவனைத் தள்ளிவிடுவார்கள். தெற்குத் தேம்ஸ் கவுன்சில் 1994இல் திவாலானது. 2001 மார்ச்சோடு மொத்தக் கடையையும் மூடிவிட்டார்கள். பத்து வருடத்துச் சொச்சம். அவர்கள் கழற்றிப் போட்ட சட்டையைத்தான் நாம் தீபாவளிக்கு எடுக்கிறோம்.

ஜெர்மனியைச் சொல்லுங்கள், ஒப்புக்கொள்கிறேன். அங்கேயும் முதலாளிதான் பயிற்சி தருகிறார். ஆனால் அங்கே தேர்வுக் குழுவில் முதலாளி தரப்பில் எத்தனை பேரோ, தொழிலாளர் தரப்பிலும் அத்தனை பேர். கூடவே தொழிற்கல்வி ஆசிரியர். 1969இல் போட்ட சட்டம் அது. ஆசிரியர்! அரம் பிடிக்கத் தெரியாதவர்!

அடுத்து என்ன கேட்பீர்கள் என்று தெரியும். "அரசு ஐடிஐ லட்சணம் எங்களுக்குத் தெரியாதா?" தெரியும்தான். பழைய லேத், நிரப்பாத பணியிடம், கையெழுத்துப் போட்டுவிட்டுக் காணாமல் போகிற ஆசிரியர், எல்லாம் உண்டு. நானே அவர்களோடு சண்டை போட்டிருக்கிறேன். சரி, அதைச் சரிசெய்யுங்கள். வீட்டுக்கூரை ஒழுகினால் ஓடு மாற்றுவீர்களா, வீட்டுச் சாவியை எதிர்வீட்டுக்காரரிடம் கொடுப்பீர்களா?

"முதலாளிக்குத்தானே மார்க்கெட் தெரியும்?" என்றும் ஒருவர். எந்த முதலாளிக்கு? கோவை கணபதியில், பீளமேட்டில், சென்னை அம்பத்தூரில் நாலு லேத்தைப் போட்டு ஜாப் ஆர்டர் எடுக்கிறவருக்குத் தெரியும். எனக்குத் தெரிந்த ஒரு பட்டறைக்காரர், பத்தாம் வகுப்புகூட முடிக்காதவர், சனிக்கிழமைகளில் தானாக வந்து பையன்களுக்கு லேத்தில் வெட்டும் டூல் பிட்டைத் தீட்டக் கற்றுக்கொடுப்பார். டீ வாங்கிக் கொடுத்தால்கூட காசை அவரே கொடுத்துவிடுவார். அவரை எந்தக் குழுவிலும் யாரும் போட்டதில்லை. குழுவுக்கு வருவது காரில் வருகிறவர்கள்தான்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், சொல்லாவிட்டால் தூக்கம் வராது. பயிற்சி கொடுக்க ஆசையாக இருப்பவர்களை இதுவரை யார் தடுத்தது? அப்ரண்டிஸ் சட்டம் 1961இலிருந்து இருக்கிறது. முப்பது பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் 2.5 முதல் 15 சதவீதம் அப்ரண்டிஸ் எடுத்தே ஆகவேண்டும். எடுக்காவிட்டால் சிறைகூட உண்டு என்று இருந்ததை 2014இல் திருத்தி வெறும் அபராதமாக்கிக் கொடுத்தார்கள். 2016 திட்டத்தில் உதவித்தொகையில் கால் பங்கை, மாதம் 1,500 ரூபாய்வரை, அரசே திருப்பிக் கொடுத்தது. சட்டப்படி அப்ரண்டிஸ் தொழிலாளி அல்ல, பயிற்சி பெறுபவர். அதனால் பல இடங்களில் அவன் மூன்று ஷிஃப்டும் தொழிலாளி மாதிரி உழைப்பான், சம்பளம் என்று வரும்போது மட்டும் மாணவன் ஆகிவிடுவான். இவ்வளவு வசதி செய்து கொடுத்தும் "ஆள் கிடைக்கலை, ஆள் கிடைக்கலை" என்று மேடையில் புலம்பல். என்ன சம்பளத்துக்குக் கிடைக்கவில்லை என்பதை மட்டும் எந்த மைக்கிலும் சொல்லமாட்டார்கள்.

"ரிட்டயர்டு வாத்தியாருக்குப் பொழுது போகலை" என்று ஒருவர் நேற்று எழுதியிருந்தார். தம்பி, உண்மைதான், போகவில்லை. ஃபிட்டருக்கு முதல் மாதங்கள் முழுக்க ராவுவதுதான் வேலை. மூலைமட்டம் பார்க்கும் ட்ரை ஸ்கொயரை, ராவிய இரும்புத் துண்டின்மேல் வைத்து வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் இடுக்கில் ஒளிக்கீற்று தெரியக்கூடாது. தெரிந்தால் திரும்பவும் ராவு. பையன் அழுவான், கை கொப்பளிக்கும், என்னைத் திட்டுவான். ஒருநாள் ஒளி தெரியாது. அன்றைக்கு அவன் முகத்தைப் பார்க்கவேண்டும். இதை மூன்று மாதக் கோர்ஸில் எந்த வரியில் சேர்ப்பது?

அந்த முப்பது பேரில் ஒருவனுடைய அப்பா, வேலை போன பிறகு, குழுக் கூட்டம் நடக்கும் நாளைத் தெரிந்துகொண்டு நிலையத்துக்கு வந்திருந்தார். தலைவரிடம் ஒரு வார்த்தை பேசவேண்டுமாம். உள்ளே போய்ச் சொன்னேன். "அஜெண்டாவுல இல்லையே" என்றார்கள். கூட்டம் முடிய இரண்டு மணி நேரம். சைக்கிள் ஸ்டாண்டில் நின்றுகொண்டிருந்தார், கையில் மகனுடைய சான்றிதழ், பிளாஸ்டிக் கவர் போட்டது. கார் வெளியே போகும்போது கையை உயர்த்தினார். உள்ளே இருந்தவரும் பதிலுக்குக் கையை உயர்த்திவிட்டுப் போனார், யாரோ வணக்கம் சொல்கிறார்கள் என்று நினைத்து.

அதையும் அன்றைய குறிப்பில் எழுதட்டுமா என்று முதல்வரிடம் கேட்டேன். வேண்டாம் என்றார்.